23-னா தண்ணி விடணுமா, வேணாமா?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் என் மாமாவுக்குத் தக்காளித் தோட்டம். போன வருடம் மண் ஈரம் பார்க்கும் சென்சார் ஒன்று வாங்கினார். விற்றவர்கள் வந்து மண்ணில் செருகி, போனில் செயலியை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையிலேயே எனக்குப் போன்: "மாப்ள, 23ன்னு காட்டுது. தண்ணி விடணுமா, வேணாமா?"

டேட்டாவை வைத்துப் பிழைக்கிற எனக்கே பதில் தெரியவில்லை. விசாரித்த பிறகுதான் புரிந்தது. மணல் கலந்த செம்மண்ணில் 23 சதவீத ஈரம் தாராளம். கனத்த களிமண்ணில் அதே 23 இருந்தால் பயிர் வாடப்போகிறது என்று அர்த்தம். மாமாவுக்கு மேட்டில் செம்மண், ஏரி ஓரம் களிமண். எந்த மண் என்று விற்றவர்கள் கேட்கவே இல்லை.

கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் ஓர் ஈரங்காட்டி செய்திருக்கிறது. அதில் எண்ணே கிடையாது, விளக்குதான். நீலம் எரிந்தால் ஈரம் நிறைய, சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்சு. நெல் வயலில் துளை போட்ட குழாயைப் புதைக்கிறார்களே, அது இன்னும் எளிது. உள்ளே தண்ணீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினால் மடையைத் திற, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இவைதான் ஸ்மார்ட். பார்த்தவர் அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.

அரசு மண்ணைச் சோதித்துத் தரும் மண்வள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் தொடங்கிய திட்டம், தழைச்சத்து முதல் போரான் வரை 12 விவரம் தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் தொடங்கியபோது இருந்த விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலமோ 0.75 ஹெக்டேர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு எனக்கு மாத்திரை எழுதுவது போலத்தான் இது.

இன்னொன்றை யாரும் பேசுவதில்லை. 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது, கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். உரத்தில் அரை மூட்டை மிச்சம் என்று ஏதாவது ஒரு கருவி சொன்னால் மிச்சமாவது பெரும்பாலும் அரசின் மானியம்தான். மாமா ஏன் மெனக்கெட வேண்டும்? போர்வெல் வற்றுகிற எங்கள் ஊரில் தண்ணீருக்காவது மதிப்பு உண்டு. அதற்காகத்தான் அவர் இதை வாங்கினார்.

சரி, தண்ணீரையும் உரத்தையும் பயிருக்குத் தேவையான அளவு அளந்து கொடுக்கும் துல்லியப் பண்ணையம் இதே மண்ணில் ஒருமுறை ஜெயித்ததே! 2004-05இல் தொடங்கி தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் நடத்திய திட்டத்தைச் சொல்கிறேன். அப்போது யார் கையிலும் செயலி இல்லை. ஆழமாக உழும் உளிக்கலப்பை, குழித்தட்டில் வளர்த்த நாற்று, சொட்டுநீர் டிரிப், அதன் வழியாகவே தண்ணீரில் கரைந்து போகும் உரம். விஞ்ஞானிகள் தோட்டத்துக்கே வந்து நின்றார்கள். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து இடுபொருள் வாங்கினார்கள், சேர்ந்தே விற்றார்கள். செலவில் மிச்சம் பிடிப்பதைவிட விளைச்சலையும் விலையையும் கூட்டுவதில்தான் கண். எனக்கு அந்தச் சங்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. சந்தையில் தக்காளி விலை விழுந்து கூடையோடு கொட்டுகிற நாளில் மண் ஈரம் எவ்வளவு இருந்தால் என்ன?

சென்சாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமாவும் தூக்கிப் போடவில்லை. இரண்டு மாதம் அதை மேட்டிலும் ஏரி ஓரத்திலும் மாற்றி மாற்றிச் செருகி, காலையிலேயே இலை தொங்கத் தொடங்கும் நேரம் என்ன எண் காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மோட்டார் ரூம் சுவரில் இப்போது சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கிறது: மேடு 14, ஏரிப்பக்கம் 27. அதற்குக் கீழே போகும் முன் வால்வைத் திறந்துவிடுகிறார்.

போன வாரம் ஊருக்குப் போனபோது போனை நீட்டினார். "இந்த ரெண்டையும் இதுல எங்க போடுறது மாப்ள?"

செயலி முழுக்கத் தேடிப் பார்த்தேன். அதைப் போட அதில் இடமே இல்லை.