தடுத்து ஆடுங்கள், படுத்து ஆடாதீர்கள்

தென் அமெரிக்கக் கிளப்புகளின் கால்பந்துக் கோப்பையான கோபா லிபர்ட்டடோரஸில் நாக்அவுட் சுற்று வந்தாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடுகிறது. இரண்டு ஆட்டமாக நடக்கும் சுற்றின் இரண்டாவது ஆட்டம், எழுபதாவது நிமிடம், ஒரே ஒரு கோல் விழுந்தால் எல்லாம் தலைகீழாக மாறும் என்ற நிலை. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்துகிறது. அந்த நேரம் பார்த்து முன்னிலையில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் பக்கத்தில் ஆளே இல்லாமல் ஒரு கிராஸைப் பிடித்துவிட்டுப் புல்லில் சுருண்டு படுக்கிறார். மருத்துவர் ஓடி வருகிறார், முழங்காலில் ஸ்பிரே அடிக்கிறார், தண்ணீர் கொடுக்கிறார். மற்ற பத்துப் பேரும் ஓரத்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் பாடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். மூன்று நிமிடம் போயே போச்சு. எதிரணிக்கு ஏறியிருந்த வேகமும் அதோடு போச்சு.

இதை யாரோ ஒரு கீப்பர் என்றைக்கோ ஒருநாள் செய்தால் விட்டுவிடலாம். ரவுண்ட் ஆஃப் 16 தொடங்கி அரையிறுதி வரை பெரிய அணி, சின்ன அணி, பிரேசில் அணி, அர்ஜென்டினா அணி என்ற பேதமே இல்லாமல் எல்லோரும் செய்கிறார்கள். த்ரோ எடுக்க வந்தவர் பந்தைத் துடைத்துத் துடைத்து இன்னொருவரிடம் கொடுக்கிறார். மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது வெளியே போகிறவர் நடுவர் கையைக் குலுக்கிவிட்டு நடையாக நடக்கிறார். மிக அருகில் இருக்கும் எல்லைக்கோடு வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்று 2019-லேயே விதி வந்துவிட்டது, யார் அதை அமல்படுத்துகிறார்கள்? உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் பந்து எடுத்துப் போடும் பையன்கள் திடீரென்று காணாமல் போகிறார்கள். சில சமயம் ஆட்டம் நடக்கும்போதே இரண்டாவது பந்து ஒன்று மைதானத்துக்குள் வந்து விழும். நடுவர் விசில் அடித்து எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இந்தப் போட்டிக்கு இந்த அற்பத்தனம் தேவையே இல்லை. 1960-லிருந்து நடக்கும் போட்டி இது. உள்ளூர் ரசிகர்கள் காகிதம் கிழித்துப் பறக்கவிட்டு, புகை போட்டு, தொண்ணூறு நிமிடமும் பாடி, ஒரு தோல்வியைப் புரட்டிப் போடும் இரவுகள் உலகத்தில் வேறு எங்கும் இந்த அளவுக்குக் கிடைக்காது. 2017 காலிறுதியில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் பொலிவியாவில் கோச்சபாம்பாவுக்குப் போய் ஜார்ஜ் வில்ஸ்டர்மனிடம் 3-0 என்று தோற்று வந்தது. புயனோஸ் ஐரிஸில் அடுத்த ஆட்டத்தில் 8-0. இக்னாசியோ ஸ்கோக்கோ ஒருவரே ஐந்து கோல். அதே ஆண்டு அரையிறுதியில் அந்த ரிவரே லானுஸிடம் மாட்டிக்கொண்டது. முதல் ஆட்டத்தில் ஒரு கோல் முன்னிலை, இரண்டாவதிலும் 2-0 முன்னிலை. அங்கிருந்து லானுஸ் நான்கு கோல் அடித்து 4-2 என்று வென்று இறுதிக்குப் போனது. 2025 அரையிறுதியில் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஈக்வடாரின் கீட்டோவில் எல்டியூ அணியிடம் பிரேசிலின் பால்மெய்ராஸ் 3-0 என்று அடி வாங்கியது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரே வாரத்தில் சாவோ பாவ்லோவில் பால்மெய்ராஸ் 4-0 என்று திருப்பிக் கொடுத்தது.

இப்படிப்பட்ட இரவுக்காகத்தான் அதிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து உட்காருகிறோம். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் இங்கே மூன்றரைக்கு வருகிறது, ஒன்பதரை மணி ஆட்டம் காலை ஆறுக்கு. தூக்கம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. தூக்கத்தைக் கொடுத்து வாங்கிய ஆட்டத்தில் பாதி நேரம் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருளுவதைப் பார்ப்பதுதான் வயிற்றெரிச்சல். நம்மை விடுங்கள், நாம் திரையில் பார்க்கிறவர்கள். ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து டிக்கெட் வாங்கி, முப்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லை தாண்டிப் போகிற ரசிகனின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆட்டக்காரர்களைத் திட்டுவது எளிது. ஆனால் அவர்களை இதற்குத் தூண்டுவது போட்டியின் அமைப்பு. இரண்டு ஆட்டத்தின் மொத்த கோல்களும் சமமாக இருந்தால் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீகில் முப்பது நிமிட எக்ஸ்ட்ரா டைம் உண்டு. லிபர்ட்டடோரஸில் அது இறுதிப் போட்டிக்கு மட்டும்தான். மற்ற சுற்றுகளில் விசில் அடித்ததும் நேராகப் பெனால்டி. 2022 முதல் வெளியூர் கோலுக்குக் கூடுதல் மதிப்பு தரும் விதியையும் எடுத்துவிட்டார்கள். அந்த விதி எனக்குப் பிடித்ததில்லை, ஆனால் அது இருந்தவரை ஆட்டம் சமமாக இருந்தாலும் பெரும்பாலும் ஏதாவது ஓர் அணி கோல் தேடியே ஆக வேண்டும். இப்போது சமநிலை என்றால் இரண்டு அணிக்கும் சம பங்கு. பலம் குறைந்த அணிக்கு அறுபதாவது நிமிடத்திலேயே பெனால்டி கண்ணில் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. இன்னும் முப்பது நிமிடத்தை எப்படியாவது கரைத்துவிட்டால் போதும், ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. எக்ஸ்ட்ரா டைம் இருந்திருந்தால் அறுபது நிமிடத்தைக் கரைக்க வேண்டும். அவ்வளவு நேரம் யாராலும் படுத்துக் கிடக்க முடியாது.

இதன் உச்சம் 2023. அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸ் அந்த ஆண்டு இறுதிப் போட்டிக்குப் போனது, நாக்அவுட்டில் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல். நாசியோனலுடன் 0-0, 2-2. ரேசிங்குடன் 0-0, 0-0. பால்மெய்ராஸுடன் 0-0, 1-1. ஆறு ஆட்டம், ஆறும் டிரா, போகா அடித்தது மொத்தம் மூன்று கோல். மூன்று முறையும் பெனால்டியில் கீப்பர் செர்ஜியோ ரொமேரோ காப்பாற்றினார், ஒவ்வொரு முறையும் இரண்டு உதைகளைத் தடுத்தார். ரொமேரோ செய்தது மாபெரும் வேலை, அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. போகா விதியை மீறவும் இல்லை. ஆனால் 540 நிமிடம் ஆடி ஒரு வெற்றிகூட இல்லாத அணியை ஒரு கண்டத்தின் இறுதிப் போட்டியில் கொண்டுபோய் நிறுத்துகிற விதி நல்ல விதியா? ரேசிங்குடன் நடந்த அந்த இரண்டு ஆட்டத்தையும் பார்த்தவர்கள் சொல்லட்டும். நூற்றெண்பது நிமிடம், ஒரு கோல் இல்லை. பிறகு ரியோவின் மரக்கானா அரங்கில் நடந்த இறுதியில் ஃப்ளுமினென்ஸே எக்ஸ்ட்ரா டைமில் ஜான் கென்னடி அடித்த கோலால் 2-1 என்று வென்றது. எக்ஸ்ட்ரா டைம் கொடுத்தால் ஆட்டத்துக்கே ஒரு முடிவு கிடைக்கிறது என்பது அந்த இரவிலேயே தெரிந்தது. தெரிந்தும் மாற்றவில்லை.

தடுத்து ஆடுவதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தடுப்பாட்டம் எனக்கு உயிர். 2022 காலிறுதியில் அட்லெட்டிகோ மினெய்ரோவுக்கு எதிராகப் பால்மெய்ராஸ் முதல் பாதியிலேயே டானிலோவைச் சிவப்பு அட்டையில் இழந்தது, இரண்டாம் பாதியில் ஸ்கார்பாவையும் இழந்தது. ஒன்பது பேராக நின்று, ஓடி, குறுக்கே விழுந்து, பந்தைத் தலையால் முட்டி வெளியேற்றி 0-0 என்று முடித்தார்கள். பெனால்டியில் 6-5. அந்த ஆட்டத்தை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். 2024 இறுதியில் பொட்டாஃபோகோவின் கிரெகோரே முதல் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்கப் பத்துப் பேர். படுத்து உருண்டு பெனால்டிக்கு இழுக்க அவர்களுக்குத்தான் எல்லாக் காரணமும் இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? இடைவேளைக்குள் லூயிஸ் ஹென்ரிக்கேயும் அலெக்ஸ் டெல்லெஸும் இரண்டு கோல் போட்டார்கள். கடைசி நிமிடங்களில் எல்லோரும் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதும் ஜூனியர் சான்டோஸ் ஓடிப்போய் மூன்றாவதை அடித்தார். 3-1. கிளப்பின் வரலாற்றில் முதல் லிபர்ட்டடோரஸ் கோப்பை. பத்துப் பேரால் அது முடிந்தது, பதினோரு பேருக்கு ஏன் முடியவில்லை?

"பணம் இல்லாத கிளப்புகள் வேறு என்னதான் செய்யும்?" என்று ஒரு நியாயம் சொல்வார்கள். 2019-லிருந்து 2025 வரை ஏழு கோப்பையும் பிரேசிலுக்கே போயிருக்கின்றன. ஃப்ளமெங்கோ மட்டும் மூன்று, பால்மெய்ராஸ் இரண்டு. அந்தப் பணபலத்தின் முன்னால் ஒரு பராகுவே கிளப்போ பொலிவிய கிளப்போ நேருக்கு நேர் மோத முடியாது என்பது உண்மை. ஒரு சுற்று தாண்டினால் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருகிறது, அதை வைத்துத்தான் அடுத்த ஆண்டின் சம்பளத்தையே போட வேண்டும். சரி, புரிகிறது. பின்னால் பத்துப் பேரை நிறுத்துங்கள், எதிர்த்தாக்குதலுக்குக் காத்திருங்கள், உயரத்தைப் பயன்படுத்துங்கள். எல்லாம் ஆட்டத்துக்குள் இருக்கிறது. வலிக்காத காலைப் பிடித்துக்கொண்டு கிடப்பது ஏழ்மையின் ஆயுதம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணக்கார பிரேசில் கிளப்புகளும் ஒரு கோல் முன்னிலை வந்ததும் அதையேதான் செய்கின்றன.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இதுதான் லிபர்ட்டடோரஸ், இதுதான் அதன் அழகு" என்று பெருமையடிக்கும் கூட்டம். 1968, 69, 70 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கோப்பை வென்ற எஸ்டூடியன்டெஸை உதாரணம் காட்டுவார்கள். ஆஸ்வால்டோ சுபெல்டியாவின் அந்த அணி அழுக்கு வேலைகள் செய்தது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் ஆஃப்சைடு பொறி, ஃப்ரீ கிக், கார்னர் ஒத்திகை, எதிரணியைப் பற்றிய நுணுக்கமான படிப்பு எல்லாமும் அந்த அணியிடம் இருந்தன. அந்த உழைப்பை விட்டுவிட்டு அழுக்கை மட்டும் பாரம்பரியம் என்று தூக்கிப்பிடிப்பது என்ன நியாயம்?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது போட்டியை நடத்தும் தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோல்தான். இவர்களால் நேரத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018-ல் ரிவர் பிளேட் இடைவேளை முடிந்து அடிக்கடி தாமதமாக மைதானத்துக்கு வந்தது என்பதற்காகப் பயிற்சியாளர் மார்செலோ கஷார்டோவுக்குத் தடை போட்டார்கள். கிரேமியோவுடனான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் அவர் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தடையை மீறி இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குள் போனார் என்று மேலும் தண்டித்து, 50 ஆயிரம் டாலர் அபராதமும் போட்டு, போகாவுடனான இறுதிச் சுற்றிலும் பெஞ்சுக்கு வர விடவில்லை. தடையை மீறினால் தண்டனை வரத்தான் வேண்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் இது எல்லாம் ஆரம்பித்தது எதனால்? இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் தாமதம். அது தொலைக்காட்சி ஒளிபரப்பு அட்டவணையைத் தொட்டது. கீப்பர் நாலு தடவை படுத்து எழுந்து பத்து நிமிடத்தைத் தின்றால் அது பார்க்கிறவனின் நேரம், அதற்கு ஒரு கேள்வியும் இல்லை. கடைசியில் நான்காவது நடுவர் பலகையைத் தூக்கிக் காட்டுகிறார், ஐந்து நிமிடம். அந்த ஐந்திலும் இரண்டு நிமிடம் ஒரு மாற்று ஆட்டக்காரருக்கும் ஒரு தள்ளுமுள்ளுக்கும் போய்விடும். விசில்.

நேரம் திருடுகிறவர்களுக்கும் அது எப்போதும் கைகொடுப்பதில்லை. 2020 இறுதிப் போட்டி கொரோனாவால் தள்ளிப்போய் 2021 ஜனவரி 30 அன்று மரக்கானாவில் நடந்தது, பால்மெய்ராஸும் சான்டோஸும். கோலே இல்லாமல் இஞ்சுரி டைம் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்துக்கு வந்த பந்தை எடுக்கப் பால்மெய்ராஸின் மார்கோஸ் ரோச்சா ஓடினார். சான்டோஸ் பயிற்சியாளர் கூக்கா அதை விடவில்லை. இழுபறி, தள்ளுமுள்ளு, கூக்காவுக்குச் சிவப்பு அட்டை. அந்தக் களேபரத்துக்கான நேரத்தையும் நடுவர் சேர்த்தே கொடுத்தார். 99-வது நிமிடத்தில் ப்ரேனோ லோபெஸ் தலையால் முட்டி கோல், கோப்பை பால்மெய்ராஸுக்கு. ஒரு நடுவர் ஒருநாள் நேரத்தை ஒழுங்காகச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025-ல் சட்டம் மாறியிருக்கிறது. நடுவர் கையை உயர்த்தி கடைசி ஐந்து விநாடியை எண்ணிக் காட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் கீப்பர் படுத்துவிட்டால் அந்த எண்ணிக்கையால் என்ன பயன்? மற்ற ஆட்டக்காரர் யாராவது மைதானத்துக்குள் சிகிச்சை வாங்கினால் பொதுவாக வெளியே போய் நின்று, நடுவர் அனுமதித்த பிறகுதான் உள்ளே வர வேண்டும். கீப்பருக்கு அது கிடையாது. அதனால்தான் எந்த அணியைப் பார்த்தாலும் படுப்பது கீப்பராக இருக்கிறார். அவருக்குச் சிகிச்சை என்றால் அவர் அணியில் வேறொருவர் இரண்டு நிமிடம் வெளியே நிற்கட்டும். உண்மையில் அடிபட்ட கீப்பருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, தாராளமாகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு அந்த முப்பது நிமிடம். ரவுண்ட் ஆஃப் 16 முதலே எக்ஸ்ட்ரா டைம் கொடுங்கள். ஆட்டக்காரர்கள் களைத்துவிடுவார்கள், பயணம் அதிகம், அட்டவணை இறுக்கம் என்று சொல்வீர்கள். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை அனுமதித்திருக்கிறீர்கள், எக்ஸ்ட்ரா டைமுக்கு ஆறாவது ஒருவரையும் கொடுங்கள். காலிறுதி, அரையிறுதி எல்லாம் சேர்த்தாலும் ஓர் ஆண்டில் எத்தனை ஆட்டம் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போய்விடப் போகிறது? விளம்பரத்துக்கும் இறுதிப் போட்டியின் தொடக்க நிகழ்ச்சிக்கும் ஒதுக்க நேரம் இருக்கிறது, பந்து உருளுவதற்கு மட்டும் இல்லையா?