அது டைமண்ட் இல்லைங்க, சதுரம்தான்

பசங்களுக்கு நடந்த கணக்குப் புதிர்ப் போட்டியில, ஒரு பையன் எழுதின சரியான விடையைத் தப்புன்னு சொன்னாங்கன்னு போன பதிவுல எழுதியிருந்தேன், அந்த மேட்டரை இதோட விட்டுடலாம்னுதான் இருந்தேன். அதுக்குக் கீழ வந்த கமெண்ட் எல்லாம் படிச்சப்புறம் விட முடியல. "ஒரு மார்க்குக்கு இவ்ளோ பஞ்சாயத்தா மேடம்"னு ஒருத்தர் கேட்டு, அதுக்கு நாப்பது பேர் சிரிப்பு பொம்மை வேற போட்டிருக்கீங்க. சரி, சிரிங்க.

மார்க் பத்தி நான் பேசவே இல்ல. தெரியாதவங்களுக்கு மறுபடி சொல்றேன். மூணு வரிசை, வரிசைக்கு மூணு புள்ளி, மொத்தம் 9 புள்ளி. புள்ளிகளையே மூலையா வச்சு எத்தனை சதுரம் போடலாம்? கேள்வி அவ்ளோதான். போட்டி நடத்தினவங்க கையில இருந்த விடை 5. சின்னது நாலு, பெருசு ஒண்ணு. அந்தப் பையன் 6னு எழுதினான். நாலு ஓரத்துலயும் நடுவுல நிக்கிற புள்ளிகளைச் சேர்த்துப் பாருங்க, சாய்வா ஒண்ணு வரும். நாலு பக்கமும் சமம், நாலு மூலையும் 90 டிகிரி. சதுரம்னா வேற என்ன வேணும்? நடுவர் "அது டைமண்ட்ப்பா"ன்னார். பையன் ஒண்ணும் பேசல, பேப்பரை லேசா திருப்பிக் காட்டினான். அதுக்குக் கிடைச்ச பதில், "டைம் முடிஞ்சிடுச்சு, போய் உக்காரு."

பேப்பரைத் திருப்பினான் பாருங்க, அன்னிக்கு அந்த ஹால்ல நடந்த ஒரே கணக்கு அதுதான். மத்ததெல்லாம் ஸ்டாப்வாட்ச். 30 நிமிஷத்துல 20 கேள்வி, அதாவது ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒரு ஆர்வம், பேனர்ல மட்டும் "கணித ஆர்வத்தை வளர்ப்போம்"னு இவ்ளோ பெரிய எழுத்துல.

எங்க மாமா ஒருத்தர், பெருசா படிக்காதவர், எனக்கு ஒம்பது வயசுல ஒரு சதுரம் போட்டு உள்ள ரெண்டு மூலைவிட்டமும் போட்டுக் குடுத்தார். கை எடுக்காம, போன கோட்டு மேலயே திரும்பப் போகாம இதைப் போடுன்னார். நோட்டு நோட்டா கிறுக்கினேன். விடை கேட்டா "இன்னும் பாரு"ம்பார், அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டார். ரொம்ப நாள் கழிச்சு ஒருநாள் கோவத்துல போய், "இது வராது மாமா, எந்த மூலைக்குப் போனாலும் மூணு கோடு நிக்குது, உள்ள ஒண்ணுல போய் வெளிய ஒண்ணுல வந்தா ஒண்ணு மிச்சம், நாலு மூலையும் அப்படியே இருக்கு, நீங்க என்னை ஏமாத்தறீங்க"ன்னு கத்திட்டேன். அவர் சிரிச்சுட்டு சதுரத்துக்கு மேல கூரை மாதிரி ரெண்டு கோடு போட்டார். "இப்ப பாரு." கீழ் மூலையிலேருந்து ஆரம்பிச்சேன், வந்துடுச்சு! காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சுது, கோனிக்ஸ்பெர்க் ஊர்ல இருந்த ஏழு பாலத்தையும் ஒவ்வொண்ணையும் ஒரே ஒரு தடவை தாண்டி நடக்க முடியாதுன்னு ஆய்லர்ங்கற கணித மேதை 1736ல எழுதினதும் இதே கதைதான்னு. நாலு நிலப்பகுதி, எல்லாத்துலயும் ஒத்தைப்படையா பாலம். ஆய்லருக்கு யாரும் ஸ்டாப்வாட்ச் வைக்கல. எனக்கும் மாமா வைக்கல.

"முடியாது"ங்கறதும் ஒரு விடைன்னு எனக்கு எந்தப் பரீட்சையும் சொல்லிக் குடுத்ததில்ல.

இப்ப உங்க கேள்விகளுக்கு வரேன். "மொதல்ல அடிப்படை வரட்டும், கழித்தலே தப்பா போடுற பிள்ளைக்குப் புதிர் எதுக்கு?" நியாயமான கேள்வி, இது ஒண்ணுதான் நியாயமானது. ஒரு நாலு இலக்க எண் எடுக்கச் சொல்லுங்க, எல்லாம் ஒரே இலக்கமா இருக்கக் கூடாது. பெருசுலேருந்து சின்னதா அடுக்கி, அதுலேருந்து சின்னதுலேருந்து பெருசா அடுக்கினதைக் கழிக்கணும். வர்ற விடையை மறுபடி அதே மாதிரி. 3524 எடுத்தா 5432 - 2345 = 3087. அப்புறம் 8730 - 0378 = 8352. அப்புறம் 8532 - 2358 = 6174. அதுக்கு மேல எத்தனை தடவை பண்ணாலும் 6174தான். எந்த எண்ணுல ஆரம்பிச்சாலும் ஏழு தடவைக்குள்ள அங்க வந்து நிக்கும். 1949ல இதைக் கண்டுபிடிச்ச கப்ரேகர் பெரிய யுனிவர்சிட்டி புரொஃபசர் இல்ல, மகாராஷ்டிராவுல தேவ்லாலிங்கற ஊர்ல பள்ளிக்கூட வாத்தியார். பக்கம் நிறைய கழித்தல் ஹோம்வொர்க் குடுத்தா அழற பிள்ளை, இதுக்கு அதே கழித்தலை அதுவா போடும். ஏழு தடவை போட்டும் 6174 வரலைன்னா எங்கயோ தப்பு பண்ணிருக்குன்னு அதுக்கே தெரியும், எங்க தப்புன்னு அதுவே தேடும். நீங்க சிவப்பு பேனா எடுக்க வேண்டாம்.

"நிஜ வாழ்க்கையில எல்லாத்துக்கும் டைம் லிமிட் இருக்கு." எட்டு வயசுக் குழந்தைக்கா? அடுத்தது.

"நடத்தினவங்க சேவையா பண்றாங்க, குறை சொல்றது சுலபம்." தெரியும்ங்க. நாற்காலி தூக்கிப் போட்டதுல நானும் இருந்தேன். சேவையா பண்ணா தப்பான விடையைத் திருத்தக் கூடாதுன்னு இருக்கா? "அட, ஆமாடா, நான் இதைப் பாக்கவே இல்லையே"ன்னு ஒரு வார்த்தை. பெரியவங்க வாயிலேருந்து அந்த வார்த்தை வந்தா ஒரு குழந்தைக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எங்க கிளாஸ்ல ஒரு தடவை நான் "இதை வேற மாதிரி போடலாமா"ன்னு கேட்டதுக்கு முழுப் பீரியடும் நிக்க வச்சாங்க. கால் வலி மறந்துடுச்சு. அப்புறம் அந்த வருஷம் பூரா நான் கையே தூக்கல, அது மறக்கல. சரி, அதை விடுங்க.

கடைசியா அந்தக் கமெண்ட். "உங்க பிள்ளைக்குப் பரிசு கிடைக்கல, அதான் இந்தக் கதறல்." போட்டவர் என்னைப் பல வருஷமா தெரிஞ்சவர்ங்கறதுதான் வலிக்குது.

என் பொண்ணு 5னுதான் எழுதினா. பரிசும் வாங்கினா. கப்பு எங்க வீட்டு ஷெல்ஃப்லதான் இருக்கு.

போன பதிவுல இதை நான் சொல்லல, ஏன்னா சொல்ல வெக்கமா இருந்துது. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. நோட்டைத் திருப்பினா, மறுபடி திருப்பினா. "ஐயோ, இருக்கும்மா!"ன்னா. அப்புறம், "அப்ப இந்தக் கப்பு அவனோடதா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரல, இப்பவும் வரல. சின்ன மேட்டர்னு சிரிச்சவங்க யாராவது வந்து அவகிட்ட சொல்லிட்டுப் போங்க.

இப்ப அவ 16 புள்ளி வச்சு, நாலுக்கு நாலு, எண்ணிட்டு இருக்கா. நேத்து 14ல இருந்தா, இன்னிக்கு 18. இன்னும் முடியல. நான் வாயை மூடிட்டு இருக்கேன், மாமா மாதிரி, கஷ்டமாதான் இருக்கு. தயவுசெஞ்சு விடையைக் கமெண்ட்ல போட்டுடாதீங்க. என் போனை எடுத்துப் படிப்பா.