துடைப்பம் பிடிக்க மட்டும் ஆர்வலர்களா?

ஞாயிற்றுக்கிழமை மரபுநடையில், அதாவது பழைய கல்வெட்டுகளை நடந்துபோய்ப் பார்க்கிற நிகழ்ச்சியில், தொல்லியல் துறைக்காரர் ஒருவர் மைக்கில் சொன்ன அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வராதவர்களும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். "ஆர்வலர்கள் இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்தால் போதும், படிக்கிற வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்." உடனே கைதட்டல். நானும் தட்டினேன், பழக்கதோஷம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

முள் வெட்ட வா. நாற்காலி போட வா. உலக மரபு வாரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்ற வா. கல்லைப் படிக்க மட்டும் வராதே. இதுதானே அந்த வரிக்குப் பொருள்?

சரி, துறைக்காரர்கள் மட்டும்தான் படிக்கவேண்டும் என்றால் மதுரைப் பக்கத்து மாங்குளத்தில் பழந்தமிழ்க் கல்வெட்டை 1882-இல் கண்டது யார்? ராபர்ட் சீவெல், சிவில் சர்வீஸ் அதிகாரி. 1863-இல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கருவியைக் கையில் எடுத்த புரூஸ் ஃபூட் நிலவியல்காரர். கரூர்ப் பக்கத்துப் புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர்களை அடையாளம் காட்டிய ஐராவதம் மகாதேவன் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. இவர்களிடமும் போய்த் துடைப்பத்தை நீட்டியிருப்பீர்களோ?

"அவர்களும் நீயும் ஒன்றா?" என்று ஒருத்தர் வருவார், தெரியும். இல்லைங்க. நான் ஒரு சாதாரண குமாஸ்தா. ஆனால் ஒரு நடுகல்லை, அதாவது இறந்த வீரனுக்காக நட்ட எழுத்துள்ள கல்லை, படியெடுக்க மூன்று ஞாயிறு போனேன். அந்த ஊரில் அது நடுகல் இல்லை, வேடியப்பன் சாமி. பூசை செய்கிற பாட்டி, "கற்பூரம் கொளுத்திட்டுத் தொடுப்பா" என்றார். கொளுத்தினோம். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தட்டி, மேலே மை ஒற்றினோம். முதல் வாரம் காற்று தாளைக் கிழித்தது. இரண்டாம் வாரம் ஈரம் காயுமுன் நான் அவசரப்பட்டு மை ஒற்றி எல்லாம் கரியானது. மூன்றாம் வாரம்தான் எழுத்து வந்தது. தமிழின் பழைய எழுத்துமுறையான வட்டெழுத்தில் பகரமும் வகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே நிற்கும். அதில் ஒரு சொல்லைத் தப்பாகத்தான் படித்தோம். அந்தத் தப்பைத் திருத்தியவரும் எங்களைப் போல ஓர் ஆர்வலர், ஓய்வுபெற்ற வாத்தியார். அந்த மைக்கறைச் சட்டையைத்தான் ஞாயிற்றுக்கிழமையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். என்ன பெருமையோ.

"ஆர்வலர்கள் எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்கிறார்கள், மாவு பூசுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள்" என்ற குற்றச்சாட்டு உண்மைதான். முதல் வருடம் நானும் சாக்பீஸ் தேய்த்திருக்கிறேன், இன்றைக்கும் கூசுகிறது. அதற்குத்தானே பயிற்சி கேட்கிறோம்? அதுசரி, திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கோயில் சுவர்க் கல்வெட்டுகளைத் தேய்த்தார்களே, அது எந்த ஆர்வலர் செய்த வேலை?

துறையில் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். இருக்கலாம். பற்றாக்குறை உள்ளவர்தான் வருகிறவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

"தன்னார்வம் என்று வந்துவிட்டு மரியாதை எதிர்பார்க்கலாமா?" இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பணம் கேட்டோமா? பெட்ரோல் கேட்டோமா? அன்றைக்கு வைத்த பேனரில் நாங்கள் எடுத்த மைப்படிதான் பெரிதாக இருந்தது. கீழே ஒரு பெயர்கூட இல்லை. என் பெயர் வேண்டாம், விடுங்கள். அந்த வாத்தியார் பெயரைப் போட்டிருக்கலாம். ஒரு வரி. அவர் கூட்டத்தில் நின்று அந்தப் பேனரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார், பேத்திக்கு அனுப்ப.

கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். என்னுடையதில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. எழுத்தைப் படிக்கத் தெரியாதவன் நான்தானாம்.

"இனிமேல் போகமாட்டேன்" என்று எழுதத்தான் இந்தப் பதிவை ஆரம்பித்தேன். காலையில் பாட்டி போன் பண்ணியிருந்தார். ஏரிக்கரையில் இன்னொரு கல் சாய்ந்து கிடக்கிறதாம், அதிலும் எழுத்து இருக்கிறதாம். வரும்போது கற்பூரம் வாங்கிவரச் சொன்னார்.