மைனஸ் டிகிரி யாருக்குச் செய்தி?

உறைபனி விழ ஆரம்பித்தால் போதும், தமிழ் சேனல் மலையாள சேனல் எல்லாவற்றிலும் மூணாறுதான். செண்டுவாரை, லெட்சுமி, சைலண்ட்வேலி பக்கம் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும் வீடியோ, கூடவே "தென்னகத்துக் காஷ்மீர்", "சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்". வருசா வருசம் இதே வரிகள். போன வருசத்துச் செய்தியைத் தேதி மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

அந்த வெள்ளைப் புல்லுக்குப் பத்தடி தள்ளித் தேயிலை நிற்கிறது. அதன் பக்கம் யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. மேகம் இல்லாத ராத்திரியில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று இறங்கி ஓடைக்கரைப் பள்ளத்தில் தங்கிவிடும். மேட்டுக் காடு தப்பிக்கும், பள்ளத்துச் செடி மாட்டிக்கொள்ளும். காலை வெயில் பட்டதும் இலை சுருண்டு, இரண்டொரு நாளில் தீயில் வாட்டின மாதிரி கருகி நிற்கும். அப்புறம் புதுக் கொழுந்து விட வாரக்கணக்கில் ஆகும். கொழுந்து இல்லையென்றால் கூடுதல் கிலோவுக்கு வரும் காசும் இல்லை. மைனஸ் டிகிரி என்றால் லயத்துக்காரர்களுக்கு, அதாவது எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளுக்கு, இதுதான் கணக்கு. 2015-ல் எஸ்டேட் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் கேட்டபோது இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அதே பெண்கள் பனியில் கொழுந்து வெட்டுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எஸ்டேட்டில் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். இடுப்பில் படுதா, தலையில் துண்டுக்கு மேல் கம்பளித் தொப்பி, கத்திரி பிடித்துப் பிடித்துப் பெருவிரல் ஓரம் வெடித்து அதில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தார். குளிரைப் பற்றிக் கேட்டேன். "குளிரெல்லாம் பொறந்ததுலருந்து பாக்குறோம் தம்பி. இருட்டுதான் பயமா இருக்கு"ன்னார். விடிந்தும் விடியாத நேரத்தில் மஸ்டருக்கு, அதாவது பேர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குக் கிளம்பணும். மூடுபனியில் பத்தடிக்கு அந்தப்பக்கம் நிற்பது பாறையா யானையா என்று தெரியாது. வழியில் விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை.

யானை என்றதும் படையப்பா, அரிக்கொம்பன் என்று இந்தப் பக்கத்துக் காட்டு யானைகளுக்கு ரசிகர் மன்றம் நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் யானை பிடிக்கும். அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் இருந்து பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் நாம் கொட்டுகிற காய்கறிக் கழிவைத் தின்னப் பழகின யானையை எந்த லாரியில் ஏற்றி எங்கே விடுவது? 2025 அக்டோபர் 2 முதல் மலைச் சுற்றுலா இடங்களில் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் தடை போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் வந்து குவியும் வண்டிகளை எல்லாம் யார் திறந்து பார்ப்பது? கடைசியில் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிமிர்கிறார்கள். அவர்களும் நம்ம வீட்டுப் பெண்கள்தான்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாட்டுப்பெட்டி ரோட்டில் வண்டி நகராது. எஸ்டேட் பஸ்ஸும் அதில்தான் நிற்கும். பிரசவ வலி வந்தவளும் அதில்தான் நிற்பாள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒன்று கோட்டயம் போகணும், இல்லை போடிமெட்டு இறங்கித் தேனி போகணும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மலையில் குளிர்கால அறிவிப்பு நிறையத்தான் வருகிறது. எந்த ரோடு ஒருவழி, பார்க்கிங் எங்கே, படகு எத்தனை மணி வரை என்று எல்லாம் வரும். ராஜமலையில் வரையாடு குட்டி போடுகிற காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடுவதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வரையாட்டுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. ஆனால் இன்று ராத்திரி உறைபனி, விடிகாலை யானை நடமாட்டம், நாளைக்குத் தண்ணீர் வராது, ஸ்கூல் பஸ் வேறு வழியில் வரும் என்று லயத்துக் கதவில் தமிழில் ஒரு தாள் ஒட்டி நான் பார்த்ததில்லை. கண்ணில் படுகிற நோட்டீஸ் பெரும்பாலும் மலையாளத்தில், மிச்சம் இங்கிலீஷில். பிள்ளைகள் படித்துச் சொல்லிவிடும், சரி. பிள்ளை ஸ்கூலுக்குப் போன பிறகு வந்த நோட்டீஸை யார் படிப்பது?

இது மொழிச் சண்டை இல்லை. மலையாளிகள் நம்ம பக்கத்து வீட்டுக்காரர்கள், நான் கடையில் பேசுவதே பாதி மலையாளம். 1969-ம் வருசத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்கிறது. 2021-ல் நம்ம தொகுதியான தேவிகுளத்தின் எம்.எல்.ஏ. சட்டசபையில் தமிழில்தான் பதவிப் பிரமாணம் எடுத்தார். திருவனந்தபுரம் வரை போன தமிழுக்கு எஸ்டேட் டிவிஷன் வரை வர முடியாதா?

செய்தி நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி எஸ்டேட்டில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. மின்சாரம் இல்லை, போன் டவர் வேலை செய்யவில்லை. ஒரு ஊரே போனது வெளியுலகத்துக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பி வந்தால் பெரியவாரைப் பாலம் உடைந்து கிடந்தது. 70 பேர் செத்தார்கள். அது மழைக்காலம், இது குளிர்காலம், இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறாய் என்று கேட்பார்கள். மழையாக இருந்தாலும் பனியாக இருந்தாலும் லயத்துக்குச் செய்தி போகும் வழி ஒன்றுதான். அது அன்றைக்கும் சரியில்லை, இன்றைக்கும் போதவில்லை.

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. மஸ்டர் நடக்கும் இடத்தில் தமிழில் ஒரு பலகை, அதில் தினமும் எழுத ஒரு ஆள். நடைபாதைக் கம்பங்களில் எரிகிற விளக்கு. சீசன் நாட்களில் ஆம்புலன்ஸுக்கும் எஸ்டேட் பஸ்ஸுக்கும் வழி விட ரோட்டில் போலீஸ். இதை எங்கே கேட்பது என்றால், கிராம சபையில்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்டணும் என்று சட்டம் இருக்கிறது. வார்டு மெம்பர்களிடம் ஒரே வேண்டுகோள்: அடுத்த கிராம சபையை வேலை நாளில் பகல் 11 மணிக்கு வைக்காதீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் தேயிலைக் காட்டில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வருகிறோம்.