எடி ராபின்சனின் வெற்றிகளுக்குப் பின்னால் ஒட்டப்படும் 'ஆனால்'

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை ஆட்டம்) தலைசிறந்த கோச் யார் என்று பேச்சு வந்தால் பால் 'பேர்' பிரையன்ட், ஜோ பட்டேர்னோ பெயர்கள்தான் முதலில் வரும். கிராம்ப்ளிங் கல்லூரியின் கறுப்பினக் கோச் எடி ராபின்சன் பெயரை எடுத்தால் உடனே ஓர் 'ஆனால்' வந்து ஒட்டிக்கொள்ளும். 408 வெற்றி சரி, ஆனால் எல்லாம் சின்னக் கறுப்பினக் கல்லூரிகளோடுதானே என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய டீம்களோடு ஆட மாட்டேன் என்று ராபின்சனா சொன்னார்? 1941-இல், 22 வயதில், லூசியானாவில் கிராம்ப்ளிங் என்ற சிற்றூரின் கறுப்பினக் கல்லூரியில் அவர் சேர்ந்தபோது, வெள்ளையர் கல்லூரிகள் இவர்களோடு ஆடவே ஆடாது. அதற்கு முன் ஒரு தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்தவர் அவர். பெயர்தான் கோச். மைதானத்தில் புல் வெட்டுவது, கோடு போடுவது, பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றுவது எல்லாம் அவர் கைதான். வெளியூர் மேட்சுக்குப் போனால் வழியில் எந்த ஹோட்டலும் கறுப்பினத்தவரை உள்ளே விடாது என்பதால் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போனார்கள். அப்படியிருந்தும் இரண்டாவது சீசனிலேயே, 1942-இல், ஆடிய 9 மேட்சிலும் வெற்றி. எதிரணிகளுக்கு மொத்தமாக ஒரு பாயின்ட்கூடக் கிடைக்கவில்லை.

பிரையன்ட் 1961, 1964, 1965-இல் தேசியப் பட்டம் வென்ற அலபாமா அணிகளில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. கிராம்ப்ளிங் மாதிரி ஒரு கல்லூரியை அவர்கள் சந்தித்ததும் இல்லை. அந்தப் பட்டங்களுக்குப் பின்னால் மட்டும் ஏன் யாரும் 'ஆனால்' போடுவதில்லை?

தரத்தை அளக்க வேண்டுமென்றால் அவருடைய மாணவர்களைப் பாருங்கள். எல்லோரும் எல்லோரோடும் மோதிய இடம் தொழில்முறை லீக்தான். 200 பேருக்கு மேல் அங்கே போனார்கள். 1949-இல் டேங்க் யங்கர் ராம்ஸ் என்ற தொழில்முறை அணியில் நுழைந்தார்; கறுப்பினக் கல்லூரியிலிருந்து முக்கியத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-லில் ஆடிய முதல் ஆள் அவர்தான். 1963-இல் அதற்குப் போட்டி லீக்கான ஏ.எஃப்.எல்-லின் டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதலாவதாகத் தேர்வானவர் பக் புக்கானன். என்.எஃப்.எல் அணியான பேக்கர்ஸின் வில்லி டேவிஸும் இவர் வார்ப்பு. அப்புறம் டக் வில்லியம்ஸ்: 1988 ஜனவரியில் நடந்த என்.எஃப்.எல் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில், ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் இரண்டாவதில் மட்டும் 4 டச்டவுன் பாஸ் (அணிக்குப் பாயின்ட் வாங்கித் தரும் எறிதல்). அவர் ஆடிய வாஷிங்டன் 42, டென்வர் 10. சூப்பர் பௌல் வென்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்தி பந்தை எறிபவர்).

எழுபதுகளில் தெற்கின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்குக் கதவைத் திறந்தன. நியாயம்தான், ரொம்பத் தாமதமான நியாயம். ஆனால் முன்பு கிராம்ப்ளிங்குக்கு வந்திருக்கக்கூடிய பையன்கள் பெரிய ஸ்டேடியங்களுக்குப் போனார்கள். பையன்களை அழைத்தவர்கள் அவர்களை வளர்த்த கோச்சுகளை அழைக்கவில்லை. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள முதல்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று கறுப்பினத்தவர் ஒருவரைத் தலைமைக் கோச் ஆக்க 1979 வரை ஆனது. விசிட்டா ஸ்டேட்டில் வில்லி ஜெஃப்ரீஸ்.

நல்ல வீரர்கள் இப்படி வேறு இடம் போனதற்கு நடுவிலும் 1985-இல் பிரையன்ட்டின் 323 வெற்றிகளைத் தாண்டினார் ராபின்சன். கடைசியில் தொடர்ந்து சில சீசன்கள் தோற்றதும், 1996-இல் அவரை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். மக்கள் கொதித்த பிறகுதான் இன்னும் ஒரு வருடம் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கல்லூரியின் பெயரைச் சுமந்தவருக்கு இந்த மரியாதைதானா?

1998-இல் அவர் இடத்துக்கு டக் வில்லியம்ஸை அழைத்து வந்தார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்தார்கள்.