மேல்மலைப் புல்வெளியில் காற்றாலை வேண்டாம்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் நண்பர்கள் எங்கள் தாண்டிக்குடி வீட்டில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இவ்வளவு காத்து அடிக்குதே, மேலே காற்றாலை வெச்சா என்ன?"

ஒரு காற்றாலைக் காத்தாடியை நிற்கவைப்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான். உடுமலைப் பக்கம், மச்சான் தோட்டத்தை ஒட்டிய காட்டில். (அங்கே மானாவாரி நிலத்தைத்தான் காடு என்பார்கள்.) முதலில் பாதை வந்தது. வண்டித்தடத்தை அகலமாக்கி, கிராவல் கொட்டி, ரோலர் ஓட்டினார்கள். அப்புறம் ஒரு வீடே இறங்கும் அளவுக்குக் குழி, அதற்குள் கம்பிக்கூண்டு. கான்கிரீட்டை ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. முதலில் போட்டது இறுகிவிட்டால் அடுத்தது அதோடு சேராது. ராத்திரி முழுக்க மிக்ஸர் லாரிகள். கோபுரம் துண்டு துண்டாக வந்தது. இறக்கை அப்படியில்லை, 50 மீட்டருக்கு மேல் ஒரே துண்டு. அந்த ட்ரெய்லர் திரும்புவதற்காக மச்சானின் வேலியும் இரண்டு வேப்பமரமும் போயின. சொன்ன பணம் கைக்கு வர எட்டு மாதம்.

சரி, அந்த ட்ரெய்லரை வத்தலக்குண்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் நிறுத்திப் பாருங்கள். வளைவுக்கு வளைவு மலையை வெட்ட வேண்டும். கிரேன் நிற்கப் புல்மேட்டை மட்டம் செய்ய வேண்டும். மழையைப் பிடித்துவைத்துக் கோடையில் ஓடைக்கு விடுவதே சோலையும் புல்வெளியும்தான். மருதாநதியும் சண்முகாநதியும் இந்த மலையில்தான் பிறக்கின்றன.

காற்றாலை எனக்கும் வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் காற்றைக் குவித்து உடுமலை, தாராபுரம் சமவெளிக்கு அனுப்புகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. அப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் இன்னும் பழைய, குட்டை காத்தாடிகள் நிற்கின்றன. 250 கிலோவாட் இயந்திரம் பத்து செய்வதை, 2.5 மெகாவாட் இயந்திரம் ஒன்றே செய்யும். பழையதை மாற்ற 2024-இல் தமிழ்நாடு அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. அதை வேகப்படுத்தச் சொல்லிக் கேட்போம்.

கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும். ஜேசிபி ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வேலிக்கும் மரத்துக்கும் உரிய பணம் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். மச்சானுக்குக் காத்தாடி மேல் கோபமில்லை. அந்த வேப்பமரங்களை நட்டது அவர் அப்பா.