கோடரி அவள் கையில் இருந்தது

ஹங்கேரியின் முதலாம் லாஸ்லோ 1077 முதல் 1095 வரை ஆட்சி செய்தவர். 1192இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய சட்டங்களைப் படிப்பவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கும். ஒரு கோழியின் விலைக்கு மேல் திருடினாலே தூக்கு என்றவர் அவர். புனிதர் பட்டத்தின் அரசியல் பயனையும் நன்கு அறிந்தவர்: தம் பாட்டனார் வாசுலின் கண்கள் பிடுங்கப்பட்டது எந்த மன்னரின் காலத்திலோ, அந்த ஸ்டீபனையே 1083இல் புனிதராக்கி, அந்தப் பெயரின் மதிப்பைத் தம் ஆட்சிக்குத் துணையாக்கிக்கொண்டார்.

ஆனால் மக்கள் மனத்தில் அவரை நிறுத்தியது இவை எதுவும் அல்ல, ஒரு துரத்தல்தான் என்பது என் எண்ணம். 1068இல், அவர் இளவரசராக இருந்தபோது, திரான்சில்வேனியாவின் கெர்லேஷில் சூறையாடித் திரும்பிய நாடோடிப் படையை ஹங்கேரியர் முறியடித்தனர். அங்கே குமானியர் என்ற நாடோடி இனத்து வீரன் ஒருவன் ஒரு பெண்ணைக் குதிரையில் தூக்கிச் செல்வதைக் கண்ட லாஸ்லோ, காயத்தோடு விரட்டினார் என்பது கதை. ஈட்டி முனைக்கும் அவன் முதுகுக்கும் ஒரு முழ இடைவெளிதான். அது குறையவே இல்லை. “தங்காய், அவன் இடைக்கச்சையைப் பிடித்துக்கொண்டு கீழே குதி” என்று கத்தினார். அவளும் அவனை இழுத்துக்கொண்டு விழுந்தாள்.

இதற்குப் பிறகுதான் கதை இரண்டாகப் பிரிகிறது. 14ஆம் நூற்றாண்டின் இலத்தீன் வரலாற்றேடு, அவனைக் கொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சியதாகச் சொல்லி, பெண்களிடம் விசுவாசம் இல்லை என்று ஒரு தீர்ப்பையும் எழுதிவைக்கிறது. கடத்தியவனோடு தரையில் விழுந்து கிடப்பவளைப் பற்றி மேசையில் உட்கார்ந்து இப்படி எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

திரான்சில்வேனியாவின் கெலென்ட்சே, ஸ்லோவாக்கியாவின் வெல்கா லோம்னிட்சா முதலிய ஊர்களில் தேவாலயச் சுவர்களில் இக்கதையைத் தீட்டிய ஓவியர்கள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. பல சுவர்களில் லாஸ்லோவும் அந்த வீரனும் தோளோடு தோள் பிணைந்து மல்லுக்கட்ட, கோடரியால் குமானியனின் குதிகால் நரம்பை வெட்டுபவள் அவள்தான். ஆயுதத்தால் வீழ்த்த முடியாத அவனோடு இளவரசரை வெறுங்கையால் மல்லுக்கட்ட விட்டுவிட்டு, வெட்டும் வேலையை அவளிடம் கொடுத்த அந்த ஓவியர்களின் கைகளையே நான் நம்புகிறேன். கடைசிக் காட்சியில் ஆயுதங்கள் மரத்தில் தொங்குகின்றன. லாஸ்லோ அவள் மடியில் தலை சாய்த்திருக்கிறார். அவள் அவருடைய தலைமுடியை விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.